சரயேவோ: ஒரு மாணவருக்குத் தாமதமான பதில்

(வரலாற்றுத் துறையில் 1981–84 மாணவன், பின்னர் அதே துறையில் ஆசிரியன்)

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டு வந்தபோது, "சார், ஹாஸ்டல் நாட்கள், மெஸ் சாம்பார், இந்த மாதிரி ஏதாவது ஜாலியா எழுதிக் கொடுங்க" என்றார்கள். அதையெல்லாம் எழுத என்னைவிடத் திறமைசாலிகள் நம்மிடையே நிறையவே உண்டு. நான் எழுத வந்திருப்பது ஒரு பழைய பாக்கியைத் தீர்க்க.

1992 ஜூலை மாதம். இரண்டாமாண்டு பி.ஏ. வரலாறு. ஐரோப்பிய வரலாற்றில் முதல் உலகப்போர்ப் பாடம் தொடங்கியிருந்தேன். ஜன்னலோர பெஞ்சிலிருந்து ஒரு மாணவர் எழுந்தார். கையில் சீனியர்களிடமிருந்து வாங்கிய நோட்ஸ். "சார், இதுல நீங்க சொன்னதா ஒரு வரி இருக்கு. படிக்கட்டுமா?" என்றார். படித்தார்: "1914இல் உலகத்தைப் போருக்கு இழுத்த சரயேவோ நகரம், 1984இல் உலகத்தை விளையாட்டுக்கு அழைத்துத் தன் பாவத்துக்குப் பிராயச்சித்தம் செய்துகொண்டது."

பிறகு கேட்டார். "இப்ப தினமும் பேப்பர்ல அந்த ஊர்ல குண்டு விழுதுன்னு வருதே சார். அந்த கிரவுண்டெல்லாம் என்ன ஆச்சு? உலகமே வந்து விளையாடின ஊர்ல எப்படி சார் இப்படி நடக்கும்?"

வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. அவரும் என்னை மடக்குவதற்காகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான், "உட்காருப்பா, அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லி, மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போதே அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அந்த 'அப்புறம்' முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீண்டுவிட்டது. அந்த அணி இந்த ஒன்றுகூடலுக்கு வருகிறது என்று கேள்விப்பட்டேன். ஆகவே இந்தக் கட்டுரை.

அந்த வரி என் சொந்தச் சரக்கு அல்ல. 1984 பிப்ரவரியில் எங்கள் பேராசிரியர் வகுப்பில் சொன்னது. கையில் ஆங்கிலப் பத்திரிகையோடு வந்தார். "டேய், செராஜிவோ செராஜிவோன்னு மூணு வருஷமா மனப்பாடம் பண்றீங்களே, இன்னிக்கு அந்த ஊர் எதுக்காகப் பேப்பர்ல வந்திருக்கு தெரியுமா?" என்று கேட்டுவிட்டு அந்த வரியைச் சொன்னார். (செராஜிவோ அல்ல, சரயேவோ என்பது நேரில் போன பிறகுதான் எனக்கே தெரிந்தது.) நான் அதை அப்படியே குறித்துக்கொண்டேன். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கினேன். 1988இல் இங்கேயே விரிவுரையாளராகச் சேர்ந்ததும் நான்கு செட் மாணவர்களுக்கு அதே வரியைச் சொன்னேன். கேட்க எவ்வளவு நன்றாக இருந்தது! எழுபது ஆண்டுகள், ஒரே ஊர், ஒரு பாவம், ஒரு பரிகாரம். புராணம் கேட்டு வளர்ந்த நமக்கு இந்த மாதிரிக் கணக்கு உடனே பிடித்துவிடுகிறது.

இன்றைய மாணவர்களுக்காக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். யூகோஸ்லாவியா என்று ஒரு நாடு இருந்தது. ஆறு குடியரசுகள் சேர்ந்த நாடு. அதில் ஒன்றான போஸ்னியா ஹெர்செகோவினாவின் தலைநகர் சரயேவோ. முஸ்லிம்கள், சேர்பியர், குரோவாசியர், யூதர் எல்லோரும் ஒரே மாடிக் குடியிருப்பில் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்த ஊர். 1978இல் ஏதென்ஸில் நடந்த வாக்கெடுப்பில் ஜப்பானின் சப்போரோவை மூன்றே வாக்குகளில் முந்தி, 1984 குளிர்கால ஒலிம்பிக்கை நடத்தும் உரிமையை அது பெற்றது. சோஷலிச நாடு ஒன்றில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தது அதுவே முதல் முறை. பிப்ரவரி 8 முதல் 19 வரை பன்னிரண்டு நாட்கள். 49 நாடுகள், 1,272 வீரர் வீராங்கனைகள். நம் நாடு போகவில்லை. பனியில் வழுக்கி ஓடுவதை விளையாட்டு என்று ஒப்புக்கொள்ளவே நமக்கெல்லாம் கொஞ்ச காலம் பிடித்தது.

ஆரம்பத்தில் பனியே இல்லையாம். எல்லோரும் கவலையோடு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, தொடங்கும் நேரத்தில் கொட்டு கொட்டென்று கொட்டியது. பியலாஷ்னிட்சா மலையில் ஆண்களின் இறக்கப் பனிச்சறுக்குப் போட்டியையே பலமுறை ஒத்திவைக்க வேண்டியதாயிற்று. ஊர் மக்கள் மண்வாரியோடு தெருவில் இறங்கிப் பனியை அள்ளினார்கள். பட்டாள வீரர்கள் மலைச்சரிவில் வரிசையாக நின்று பனியை மிதித்துச் சமன் செய்தார்கள். அந்தப் பட்டாளத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மறுபடியும் வருகிறது.

ஸெட்ரா என்ற உள்ளரங்கில்தான் இங்கிலாந்தின் டார்வில், டீன் ஜோடி 'பொலேரோ' இசைக்குப் பனிநடனம் ஆடியது. ஒன்பது நடுவர்களும் கலையழகுக்கு முழு மதிப்பெண் 6.0 போட்டார்கள். ஸ்லோவேனியாவைச் சேர்ந்த யூரே ஃபிராங்கோ பனிச்சறுக்கில் வெள்ளி வாங்கினார். குளிர்கால ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவுக்கு அதுவே முதல் பதக்கம். வூச்கோ என்ற ஓநாய்க்குட்டிதான் சின்னம். அது இன்னும் அந்த ஊர்க் கடைகளில் விற்கிறது.

எட்டே ஆண்டுகள். 1992 ஏப்ரலில் முற்றுகை தொடங்கியது. 1996 பிப்ரவரி 29 வரை 1,425 நாட்கள். மின்சாரம், குடிநீர், விறகு, மருந்து எதுவுமே நிச்சயமில்லாத நான்கு குளிர்காலங்கள். அப்போது ஐ.நா. படைக்கு முதல் தளபதியாக அங்கே போனவர் நம் நாட்டு லெப்டினன்ட் ஜெனரல் சதீஷ் நம்பியார். அதனால் நம் பத்திரிகைகளிலும் அந்தச் செய்தி ஓரளவு வந்தது. இல்லாவிட்டால் அந்த ஜன்னலோர மாணவருக்குக் கேள்வியே தோன்றியிருக்காதோ என்னவோ.

அந்தக் கேள்வி வந்த வாரமே ஓய்வுபெற்றிருந்த எங்கள் பேராசிரியரின் வீட்டுக்குப் போனேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அவரே உள்ளே போய் ஒரு பழைய ஃபைலை எடுத்து வந்தார். 1984 பத்திரிகைத் துண்டு, ஸெட்ரா அரங்கின் படம். அதற்கு எதிர்ப்பக்கத்தில் புதிதாக ஒட்டியிருந்த துண்டில் அதே ஸெட்ரா, கூரை எரிந்து எலும்புக்கூடாக. அந்த மே மாதம் குண்டுவீச்சில் எரிந்தது. ஃபைலை என் பக்கம் திருப்பி வைத்தார். "காபி சாப்பிடறியா?" என்றார். வேறு எதுவும் அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இப்போது அவர் இல்லை.

ஓய்வுபெற்ற பிறகு, 2023 அக்டோபரில், வியன்னாவில் இருக்கும் என் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கே ராணுவ வரலாற்று அருங்காட்சியகத்தில் ஆர்ச்டியூக் பெர்டினாண்டும் அவர் மனைவியும் சுடப்பட்ட அதே மோட்டார் வண்டி நிற்கிறது. அவருடைய ரத்தக்கறை படிந்த சீருடையும் இருக்கிறது. முப்பத்தைந்து வருஷம் வாயால் ஓட்டிய வண்டியைக் கண்ணால் பார்த்தபோது கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. வீட்டுக்கு வந்ததும், "சரயேவோ இங்கிருந்து எவ்வளவு தூரம்மா?" என்று மகளிடம் கேட்டேன். "பிளேன்ல ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான். போயிட்டு வாங்கப்பா. இல்லாட்டி ஊருக்குப் போயும் இதையே சொல்லிக்கிட்டிருப்பீங்க" என்று டிக்கெட் போட்டுக் கொடுத்துவிட்டாள்.

லத்தீன் பாலத்தைப் பற்றி நீட்டப் போவதில்லை. சிறிய கல்பாலம். கீழே மிலியாட்ஸ்கா ஆறு, நம்ம ஊர் வாய்க்கால் அளவுக்குத்தான் தண்ணீர். மூலையில் ஒரு சிறு அருங்காட்சியகம். 19 வயது காவ்ரிலோ பிரின்ஸிப் அங்கேதான் நின்று சுட்டான். படம் எடுத்துக்கொண்டேன். நான் போனது அதற்காக அல்ல.

நகரத்தின் தெற்கில், தலைக்கு மேல் கைநீட்டினால் தொடலாம் போல, திரெபெவிச் மலை நிற்கிறது. 1,600 மீட்டருக்கும் மேல் உயரம். பிஸ்திரிக் என்ற பழைய பேட்டையிலிருந்து மேலே போக 1959இலேயே கேபிள் கார் போட்டார்கள். பழநியில் விஞ்ச் ஏறுவது போல, ஞாயிற்றுக்கிழமையானால் குடும்பம் குடும்பமாகச் சாப்பாடு கட்டிக்கொண்டு மலைக்குப் போவது அந்த ஊர்ப் பழக்கம். போரில் அது அழிந்தது. 2018 ஏப்ரல் 6ஆம் தேதிதான் புதிதாகக் கட்டித் திறந்தார்கள். கால் நூற்றாண்டுக்கு மேல், தங்கள் ஜன்னலிலிருந்து தினமும் தெரிகிற மலைக்கு அந்த ஊர்க்காரர்கள் பழையபடி போய்வர முடியவில்லை. கண்ணிவெடிப் பயம் அவ்வளவு.

எனக்கு வழிகாட்டியாக வந்த பெண்மணிக்கு ஐம்பது வயது இருக்கும். 1984இல் பள்ளிச் சிறுமி. கேபிள் காரில் ஏறி உட்கார்ந்ததும், "நீங்க எந்த வருஷத்துக்காக வந்திருக்கீங்க?" என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. "பதினாலுக்காக வர்றவங்க ஒரு கூட்டம், தொண்ணூத்திரண்டுக்காக வர்றவங்க ஒரு கூட்டம். அதான் கேட்டேன்" என்றார். "எண்பத்திநாலு" என்றேன். ஒரு நிமிடம் என்னைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அவருடைய அப்பாவும் அந்தப் பனியில் மண்வாரியோடு போனவராம்.

மேலே இறங்கி, பைன் மரங்களுக்கு நடுவே சிறிது தூரம் நடந்தால் திடீரென்று அது வருகிறது: பாப்ஸ்லெட் ஓடுபாதை.

நம்மில் பலர் பாப்ஸ்லெட்டைப் பார்த்திருக்க மாட்டோம். மலைச்சரிவில் வளைத்து வளைத்துக் கட்டிய ஒரு சிமெண்ட் வாய்க்காலைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். சிமெண்டுக்குள் குழாய் பதித்துக் குளிரூட்டி, உட்புறம் முழுக்கப் பனிக்கட்டி பூசுவார்கள். இரண்டு பேரோ நான்கு பேரோ ஒரு வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடி, சட்டென்று உள்ளே குதித்து உட்கார்ந்து, மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில் கீழே பாய்வார்கள். லூஜ் என்பது இன்னும் மோசம். கால் முன்னே நீட்டி மல்லாந்து படுத்தபடியே போக வேண்டும். (நம் நாட்டு சிவ கேசவன் 1998 முதல் 2018 வரை ஆறு ஒலிம்பிக்குகளில் கலந்துகொண்டது இந்த லூஜில்தான். மணாலிப் பக்கம் ஹைவேயில் சக்கரம் வைத்த வண்டியில் படுத்துக்கொண்டு, லாரிகளுக்கு நடுவே பயிற்சி செய்தவர்.)

திரெபெவிச் பாதை 1982இல் கட்டி முடிக்கப்பட்டது. நீளம் 1,300 மீட்டர், 13 வளைவுகள். பாப்ஸ்லெட் தங்கம் இரண்டையும் கிழக்கு ஜெர்மனி அள்ளிக்கொண்டு போனது. போட்டியை நடத்திய நாடும் இன்று இல்லை, தங்கம் வாங்கிய நாடும் இன்று இல்லை. பாதை மட்டும் இருக்கிறது.

அதற்குள் இறங்கி நடந்தேன். தண்ணீர் வற்றிய கால்வாய்க்குள் நடப்பது மாதிரி. சுவர் முழுக்க இளைஞர்கள் வண்ண வண்ணமாகக் கிறுக்கி வைத்திருக்கிறார்கள். எழுத்துக்கு மேல் எழுத்து, படத்துக்கு மேல் படம். அவற்றுக்கிடையே பாசி. அக்டோபர் இலைகள் அடியில் மெத்தைபோலக் கிடக்கின்றன. வளைவுகளில் சுவர் ஆளுயரத்துக்கு மேல் எழும்பித் தலைமீது கவிழ்கிறது. அந்த இடத்தில் பேசினால் நம் குரல் கொஞ்சம் தள்ளிப் போய் நமக்கே திரும்பி வருகிறது. நான் பேசாமல் நடந்தேன். வழிகாட்டி ஒரே ஒரு தடவைதான் கண்டிப்பாகப் பேசினார். நல்ல படம் கிடைக்கும் என்று பாதையை விட்டுப் புதருக்குள் கால் வைக்கப் போனேன். "வேண்டாம். சுத்தம் பண்ணியாச்சுன்னு சொல்றாங்க. இருந்தாலும் நான் என் பிள்ளைங்களைக்கூட விடமாட்டேன்" என்றார்.

கீழே ஒரு வளைவில் நின்றார். சுவரில் ஓட்டைகள். குண்டு பட்டு உடைந்தவை அல்ல, வேண்டுமென்றே துளைத்தவை. போர்க்காலத்தில் இந்த மலை போஸ்னிய சேர்பியப் படையின் கையில் இருந்தது. ஓடுபாதையையே அரணாக வைத்துக்கொண்டார்கள். அகலமான கனத்த சிமெண்ட், மலையோடு மலையாக வளைந்து போகிறது, உள்ளே ஆள் நின்றால் வெளியே தெரியாது. பதுங்கு குழி வெட்டும் வேலை மிச்சம். சுடுவதற்குத் துளை போட்டால் போதும்.

அந்த மலைச்சரிவில், மரங்கள் விலகிய ஓர் இடத்தில் நின்று வெளியே பார்த்தேன். ஊரே தெரிந்தது. ஆறு, பாலங்கள், மசூதிக் கோபுரங்கள், தேவாலயக் கோபுரங்கள், டிராம் போகும் சாலை, மாடி வீடுகளின் பால்கனிகள். யாரோ ஒருவர் பால்கனியில் துணி உலர்த்துவதுகூடத் தெரியும் என்று தோன்றியது. மலை ஊரை ஒட்டி நிற்பதால்தான் இங்கே பந்தயத்தையே கட்டினார்கள். நகரத்திலிருந்து கொஞ்ச நேரத்தில் வந்து பார்த்துவிட்டுப் போகலாம். கீழே அழகான ஊர், மேலே பந்தயம். அதே காரணத்துக்காகத்தான் பீரங்கிக்காரனுக்கும் அந்த இடம் பிடித்தது. இடத்தில் ஒரு மாற்றமும் செய்யத் தேவைப்படவில்லை. பக்கத்துச் சரிவில் ஆஸ்திரியர் காலத்துக் கோட்டை ஒன்றை வானியல் ஆய்வுக்கூடமாக மாற்றி வைத்திருந்தார்கள். நட்சத்திரம் பார்க்கிற இடம். அதுவும் போரில் பாழாகி, சுவர்கள்தான் மிச்சம்.

இக்மான் மலையில் பனித்தாவல் மேடைகளும் இப்படித்தான். பின்லாந்தின் மட்டி நிக்கானன் பெரிய மேடையில் தங்கம் வாங்கிய இடம். பதக்க மேடை இன்னும் நிற்கிறது, உடம்பெல்லாம் குண்டுத் துளைகளோடு. அதை நான் வண்டியிலிருந்து இறங்கிப் பத்து நிமிடம்தான் பார்த்தேன். மழை பிடித்துக்கொண்டது.

மறுநாள் ஊருக்குள் ஸெட்ராவுக்குப் போனேன். எரிந்த அரங்கைத் திருப்பிக் கட்டி 1999இல் திறந்துவிட்டார்கள். பளபளவென்று இருக்கிறது. போர்க்காலத்தில் அதன் அடித்தளம் பிணவறையாக இருந்தது என்றும், பார்வையாளர் இருக்கைகளின் மரப்பலகைகளைக் கழற்றிச் சவப்பெட்டி செய்தார்கள் என்றும் சொல்கிறார்கள். வெளியே வந்தால் அடுத்த நிலம் கல்லறைகள். சின்னச் சின்ன வெள்ளைக் கற்கள், வரிசை வரிசையாக. ஊருக்குள் இடம் போதாமல், விளையாட்டு வளாகத்தை ஒட்டிய மைதானத்தையே இடுகாடாக்க வேண்டியிருந்தது. கற்களில் இறந்த ஆண்டைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்: 1992, 1993, 1993, 1992, 1994. பிறந்த ஆண்டைப் பார்ப்பதைக் கொஞ்ச நேரத்தில் நிறுத்திவிட்டேன். பாதிக்கு மேல் நம் மாணவர்களின் வயது.

முற்றுகையில் இறந்தவர்கள் நினைவாக 2012 ஏப்ரல் 6 அன்று அந்த ஊர் முக்கியச் சாலையில் 11,541 சிவப்பு நாற்காலிகளை வரிசையாகப் போட்டார்கள். ஆளில்லாத நாற்காலிகள். ஒலிம்பிக்குக்கு வந்த வீரர்களைப்போல் ஒன்பது மடங்கு.

இந்த இடத்தில் ஒரு போட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒலிம்பிக் அல்ல, தெருப்பையன்கள் ஆட்டம். 1993 ஜூன் 1, பக்ரீத் நாள். தோப்ரின்யா என்ற குடியிருப்புப் பகுதியில் கால்பந்துப் போட்டி வைத்தார்கள். மைதானத்தில் ஆடினால் மலையிலிருந்து தெரியும். ஆகவே மூன்று பக்கமும் மாடி வீடுகள் மறைக்கிற ஒரு கார் நிறுத்துமிடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். சுமார் 200 பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு குண்டுகள் விழுந்தன. பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள், நூறு பேர் அளவுக்குக் காயம். தி ஹேக் நகரத்துச் சர்வதேச நீதிமன்றம் இந்தச் சம்பவத்தைத் தனியாக விசாரித்தது. முற்றுகைப் படையின் தளபதியாக இருந்த ஸ்டானிஸ்லாவ் காலிச்சுக்கு 2006இல் மேல்முறையீட்டில் ஆயுள் தண்டனை கிடைத்தது.

முற்றுகை போட்டவர்களின் அரசியல் தலைவர் ரடோவான் கராட்ஜிச். அவர் மனநல மருத்துவர். போருக்கு முன் அதே சரயேவோவில் கொஷேவோ ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். ஊர்க் கால்பந்து அணிக்கும் மனநல ஆலோசகராக இருந்தவர். அந்த அணியின் சொந்த மைதானம் கொஷேவோ ஸ்டேடியம். 1984 ஒலிம்பிக் தொடக்க விழா நடந்த இடம் அதுதான்! தோல்வியில் துவண்ட ஆட்டக்காரனைத் தேற்றுவது எப்படி என்று தெரிந்தவர். 2019இல் மேல்முறையீட்டில் அவருக்கும் ஆயுள் தண்டனை கிடைத்தது.

இதையெல்லாம் 'சேர்பியருக்கும் முஸ்லிமுக்கும் சண்டை' என்று ஒரு வரியில் எழுதிவிடாதீர்கள், மாணவர்களே. ஒரு வரியால் பட்டவன் சொல்கிறேன். முற்றுகைக்குள் குண்டு தின்றவர்களில் சேர்பியர்களும் உண்டு. நகரத்தைக் காத்த படையின் துணைத்தளபதி யோவான் தீவ்யாக் ஒரு சேர்பியர். ஊருக்குள்ளிருந்த ஆயுதக் கும்பல்கள் சேர்பியக் குடிமக்களைக் கொன்றதும் நடந்தது. 1994 பிப்ரவரியில் நார்வேயின் லில்லெஹாமர் ஒலிம்பிக்குக்கு, குண்டு விழுந்துகொண்டிருக்கும்போதே, போஸ்னியா நான்கு பேர் பாப்ஸ்லெட் அணி ஒன்றை அனுப்பியது. இரண்டு போஸ்னிய முஸ்லிம்கள், ஒரு குரோவாசியர், ஒரு சேர்பியர். ஒரே வண்டியில். அவர்கள் ஊர் ஓடுபாதை அப்போது ஊரைச் சுடுகிறவர்கள் கையில் இருந்தது. சரயேவோவில் தங்கம் வாங்கிய காத்தரீனா விட்டும் அதே ஒலிம்பிக்கில், ஒரு போர் எதிர்ப்புப் பாடலின் இசைக்கு, அந்த ஊருக்காகவே ஆடினார்.

இனி, பட்டாளத்துக்கு வருகிறேன். 1984இல் மலையில் பனியை மிதித்துச் சமன் செய்து கொடுத்தது யூகோஸ்லாவிய மக்கள் ராணுவம். 1992இல் நாடு உடைந்தபோது அந்த ராணுவம் பெயரளவுக்கு விலகிக்கொண்டது. அதன் பீரங்கிகளும் ஆட்களும் பெருமளவில் போஸ்னிய சேர்பியப் படைக்குப் போயின. மலையும் அதே மலை, சரிவும் அதே சரிவு.

கேபிள் காரில் திரும்பி வரும்போது வழிகாட்டியிடம் எங்கள் பேராசிரியரின் வரியை ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் புண்படுவாரோ என்று பயந்துகொண்டேதான் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். "பிராயச்சித்தமா? எதுக்கு?" என்றார். "எங்களுக்கு அப்ப பனிக்கால லீவு. வூச்கோ பொம்மை வேணும்னு அழுதேன். வெளிநாட்டுக்காரங்க கோட்டுல குத்துற பின் சேர்த்தோம். பதினாலாம் வருஷம் யார் ஞாபகத்துலயும் இல்லை. அதோட, சுட்டது ஒரு பையன். சண்டைன்னு சொன்னது நீங்க வந்தீங்களே, அந்த ஊர்."

வியன்னாவைத்தான் சொன்னார். இதைச் சொல்ல அவருக்கு எந்தப் பட்டமும் தேவைப்படவில்லை. நான் முப்பது வருஷம் நடத்திய பாடத்திலேயே அது இருக்கிறது: 1914 ஜூலை 28, ஆஸ்திரியா-ஹங்கேரி சேர்பியா மீது போர் அறிவிப்பு. தேதி கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வேன். சரயேவோ நகரம் அந்தப் போரை அறிவிக்கவில்லை. அது செய்த பாவம் என்ன என்று ஒருநாள்கூட நான் யோசித்ததில்லை. பாவம் இல்லாத இடத்தில் பரிகாரத்தைத் தேடிக் கண்டுபிடித்து, அதற்கு மார்க்கும் போட்டிருக்கிறேன்.

ஆக, ஜன்னலோர பெஞ்ச் நண்பரே, உங்களுடைய இரண்டாவது கேள்விக்கு என்னால் முடிந்த பதில் இது. விளையாடின ஊரிலிருந்து அந்தச் சண்டை முளைக்கவில்லை. பதவியில் இருந்தவர்களும் பதவிக்கு வர நினைத்தவர்களும் தலைநகர்களில் உட்கார்ந்து முடிவெடுத்தார்கள். அவர்கள் கையில் ஒரு ராணுவத்தின் ஆயுதக் கிடங்கு இருந்தது. சுற்றியிருந்த மலையை யார் பிடிப்பது என்பதில் அவர்கள் முந்திக்கொண்டார்கள். பன்னிரண்டு நாள் விளையாட்டு இதைத் தடுத்திருக்க வேண்டும் என்று நானும் நீங்களும் எதிர்பார்த்தது, அந்த ஊர்மேல் நாம் சுமத்திய பாரம். சீனியர் நோட்ஸில் அந்த வரி இருந்தால் தயவுசெய்து அடித்துவிடவும்.

முதல் கேள்வி, 'அந்த கிரவுண்டெல்லாம் என்ன ஆச்சு?' அதற்குத்தான் நேரில் போனேன். ஸெட்ரா திரும்பி வந்துவிட்டது. 2014 பிப்ரவரியில் டார்விலும் டீனும் அங்கே போய் 'பொலேரோ'வை மறுபடி ஆடிக் காட்டினார்கள். 2019இல் ஐரோப்பிய இளைஞர் ஒலிம்பிக் விழாவைச் சரயேவோவும், எல்லைக்கோட்டுக்கு அப்பால் சேர்பியர் பகுதியில் இருக்கும் கிழக்குச் சரயேவோவும் சேர்ந்து நடத்தின. திரெபெவிச் பாதைக்கு மட்டும் குளிரூட்டும் குழாய் திரும்பி வரவில்லை. ஆனால் உள்ளூர் லூஜ் விளையாட்டுக்காரர்கள் சிலர் மண்ணையும் இலையையும் வாரிக் கொட்டிப் பாதையின் ஒரு பகுதியைச் சுத்தம் செய்து வைத்திருக்கிறார்கள். கோடையில் வண்டியில் சக்கரம் மாட்டிக்கொண்டு அதில் பயிற்சி எடுக்கிறார்கள். நான் போன அன்று யாரும் இல்லை. அடி வளைவில் ஒரு சிறுவன் சைக்கிளை வைத்துக்கொண்டு, சுவரில் எவ்வளவு உயரம் ஏற முடிகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று முறை விழுந்தான். நான்காவது முறை துளைகள் இருக்கிற உயரம் வரை ஏறிவிட்டான்.

படங்கள் நிறைய எடுத்திருக்கிறேன். மலரில் அச்சிட்டால் கறுப்பாக விழும் என்று மலர்க் குழுவினர் சொன்னதால் கொடுக்கவில்லை. ஒன்றுகூடல் அன்று கொண்டு வருகிறேன். 1992இல் அந்த வகுப்பு நடந்த அறை இப்போது கம்ப்யூட்டர் லேப் ஆகிவிட்டது. துறைத் தலைவரிடம் சொல்லி அன்று மட்டும் திறந்து வைக்கக் கேட்டிருக்கிறேன். மதியச் சாப்பாடு முடிந்து மூன்று மணிக்கு அங்கே இருப்பேன். அட்டெண்டன்ஸ் எடுக்க மாட்டேன். அந்தப் பத்து நிமிடம் இன்னும் பாக்கி இருக்கிறது.